பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது காரை நேராக்குவது எப்படி? மலையகச் சாரதிகளின் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "உள்ளே போய்விடுகிறது, ஆனால் நேராக நிற்க மாட்டேன் என்கிறது." சமதரையில் கற்றுக்கொடுக்கும் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும். நமக்குச் சரிவு இருக்கிறது, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான் இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது, கோடே போடாத லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசல் இருக்கிறது. அதையெல்லாம் மனதில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நம் நாட்டு வழக்கப்படி ஸ்டியரிங் வலப்பக்கம், ஓட்டுவது வீதியின் இடப்பக்கம்.

ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டேன். பிறகும் கார் ஏன் கோணலாக நிற்கிறது?

ஸ்டியரிங் நேராவதும் கார் நேராவதும் இரண்டு வேறு வேலைகள். முன் சில்லுகள் நேரானால், அந்த நேரத்தில் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதே திசையில் தொடர்ந்து போகும், அவ்வளவுதான். இருபது பாகை சாய்ந்து நிற்கும்போது ஸ்டியரிங்கை நேராக்கினால், அதே இருபது பாகைச் சாய்வோடு உள்ளே போய்ச் சேரும். காரின் உடம்பு திரும்புவது சில்லு ஒடிந்திருக்கும்போது, அதாவது ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது, மட்டுமே நடக்கிறது. ஆகவே முதலில் உடம்பு கோட்டுக்கு இணையாக வரவேண்டும், அப்போதுதான் சில்லு நேராக வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் கோணல் வருகிறது.

பெரும்பாலானவர்கள் ஸ்டியரிங்கைச் சீக்கிரம் நடுவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் வேனின் மூலை கண்ணாடியில் பெரிதாகத் தெரியும்போது பயம் வந்து, கை தானாக ஸ்டியரிங்கை அவிழ்க்கத் தொடங்கிவிடும். இன்னும் சிலர் உடம்பு நேரானதைக் கவனிக்காமல் பிந்திவிடுவார்கள். நீங்கள் எந்த வகை என்பதைக் கார் நிற்கும் விதமே சொல்லிவிடும். உங்கள் இடப்பக்கம் இருக்கும் இடத்துக்குள் பின்னுக்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். வால் வலக் கோட்டை நெருங்கி, மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சீக்கிரம் அவிழ்த்திருக்கிறீர்கள். வால் இடக் கோட்டை நெருங்கியிருந்தால் பிந்தியிருக்கிறீர்கள். வலப்பக்க இடமென்றால் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பின்பக்கமாகப் போய் இதை ஒருதரம் பாருங்கள். எங்கே பிழை போகிறது என்று தெரியாமல் நூறு முறை பழகினாலும் கை திருந்தாது.

சரி, எந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பி எடுக்கத் தொடங்குவது?

புதியவர்களுக்கு என் பதில் எளிது: காரை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். முழுதாக ஒடித்தபடி மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். காரின் பக்கவாட்டுக்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முன் கதவருகிலும் பின் சில்லருகிலும் ஒரே அளவாகத் தெரியும் நொடியில் பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை நேராக்குங்கள். அப்புறம் பின்னுக்கு விடுங்கள். இது அழகான ஓட்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். உடம்பு நேராவது ஒரு வேலை, சில்லு நேராவது இன்னொரு வேலை என்பதைக் கைக்கும் கண்ணுக்கும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அது பழகியபின் ஓடிக்கொண்டே அவிழ்க்கலாம். அப்போது சற்று முன்கூட்டியே தொடங்க வேண்டும். முழு ஒடிப்பிலிருந்து ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நொடியாவது ஆகும், அந்த நேரத்திலும் கார் திரும்பிக்கொண்டுதான் இருக்கும். ஊர்ந்து வரும் வேகத்தில், இன்னும் ஏறத்தாழ பத்துப் பாகை பாக்கி இருக்கும்போது கை வேலையைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும். ஆள் நடக்கும் வேகத்தில் வந்தால் அந்த மூன்று நொடியில் கார் நாலு மீட்டருக்கும் மேல் போய்விடும், கை எட்டாது. நேராக்க முடியவில்லை என்கிறவர்களில் பாதிப்பேருக்கு வேகத்தைக் குறைத்தாலே போதும்.

உள்ளே போவதற்கு முன் கார் எப்படி நிற்க வேண்டும்?

இடத்தைத் தாண்டி முன்னே போய், மூக்கை இடத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். அப்போது வால் ஏற்கெனவே இடத்தைப் பார்த்தபடி இருக்கும். தொண்ணூறு பாகை திரும்ப வேண்டிய கார் அறுபது பாகையோ அதற்கும் குறைவாகவோ திரும்பினால் போதும். திருப்பம் குறைந்தால் நேராக்கும் வேலையும் குறையும்.

இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தால் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினால் உங்கள் பின் சில்லும் கோடும் நேரடியாகத் தெரியும். பழகும் நாட்களில் இந்த வசதியை விட்டுவிடக் கூடாது.

ஸ்டியரிங்கை எத்தனை சுற்றுத் திருப்பினால் சில்லு நேராகும்? நடுவில் உள்ள சின்னம் நிமிர்ந்து நின்றால் போதுமா?

சின்னத்தை நம்பினால் ஏமாந்து போவீர்கள். நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் ஒரு முழு ஒடிப்பிலிருந்து மறு முழு ஒடிப்பு வரை பொதுவாக மூன்று சுற்று, சிலவற்றில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதாவது முழு ஒடிப்பிலிருந்து நடுவுக்கு ஒன்றரைச் சுற்றுக்குக் கிட்ட. ஒரு முழுச் சுற்று ஒடிந்திருக்கும்போதும் சின்னம் நிமிர்ந்துதான் நிற்கும். நேராகிவிட்டது என்று நினைத்துப் பின்னுக்கு விடுவீர்கள், கார் வளைந்து போகும்.

உங்கள் காருக்கு எத்தனை சுற்று என்பதை இன்றே பாருங்கள். எஞ்சினை இயக்கி வைத்து, சமதரையில், ஒரு பக்கம் முழுதாக ஒடித்து அங்கிருந்து மறுபக்கம் வரை எண்ணுங்கள். அதில் பாதி உங்கள் கணக்கு. ஓட்டும்போது குழப்பமாக இருந்தால் ஒரு சாண் அளவு காரை அசைத்துப் பாருங்கள். மூக்கு ஒரு பக்கம் இழுத்தால் சில்லு இன்னும் நேராகவில்லை. வலக் கதவால் எட்டி முன் டயரைப் பார்ப்பதும் நல்ல வழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னுக்குப் போகும்போது எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்பிப் போகிறேன். எளிதாக நினைவில் வைக்க வழி உண்டா?

பின்னுக்குப் போகும்போது மூக்கை மறந்துவிடுங்கள், வாலை மட்டும் நினையுங்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம். குழப்பம் வருவது கண் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், ஏனென்றால் மூக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு வருகிறது. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் மாறி மாறிப் பாருங்கள். எந்தப் பக்கம் பின் சில்லு கோட்டை நெருங்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒடியுங்கள். வலப்பக்கம் நெருங்குகிறதா, இடப்பக்கம் கால் சுற்று. வால் விலகத் தொடங்கியதும், இணையாக வரும்வரை காத்திருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே பாதி போனபின் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் தேவைப்படக் கூடாது. தேவைப்படுகிறது என்றால் நுழைந்த விதமே பிழை. வெளியே வந்து மறுபடி நுழைவதுதான் சுருக்கமான வழி.

உள்ளே போய்விட்டேன், கொஞ்சம் கோணல். அப்படியே விட்டால் என்ன?

கொஞ்சம் என்பது எவ்வளவு என்று பாருங்கள். எக்ஸியோ மாதிரி ஒரு கார் ஏறத்தாழ 4.4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். அது ஐந்து பாகை சாய்ந்து நின்றால் வாலும் மூக்கும் ஒன்றுக்கொன்று 38 செ.மீ. விலகி நிற்கும். ஐந்து பாகை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இடத்தின் அகலம் 2.4 மீட்டர் என்றால், காரை நட்டநடுவில் நேராக வைத்தாலே ஒவ்வொரு பக்கமும் 35 செ.மீ.தான் மிஞ்சும். அந்த ஐந்து பாகையில் பக்கத்துக் காரின் கதவு திறக்க இடமில்லாமல் போய்விடும். ஜப்பானிய வேகன் ஆர், ஆல்ட்டோ போன்ற 660 சிசி கார்கள் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குள் அடங்குபவை. அவற்றுக்கு இரு பக்கமும் 46 செ.மீ. கிடைக்கும், கொஞ்சம் தப்பு பொறுக்கும். நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்த காலத்தில் கிரகரி வாவிப் பக்கம் ஒரு இடம் கிடைப்பதே பெரும்பாடு. அங்கே ஒருவர் கோணலாக விட்டால் அடுத்தவரும் அதைப் பார்த்துச் சாய்த்துத்தான் விடுவார், வரிசை முழுதும் சாய்ந்துகொண்டே போகும். அதனால் நேராக்கிவிட்டே இறங்குங்கள்.

திருத்துவது இப்படி. பின்னால் இன்னும் இடம் இருந்தால், மேலே சொன்ன கால் சுற்றுக் கணக்கோடு பின்னுக்குப் போகும்போதே திருத்திவிடலாம். பின்னால் இடமில்லை என்றால் முன்னுக்கு வரவேண்டும். வால் வலக் கோட்டருகில், மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால், முன்னுக்கு வரும்போது வலப்பக்கம் ஒடியுங்கள், மூக்கு திரும்பி உடம்பு நேராகும். நேரானதும் நின்று, சில்லை நேராக்கி, பின்னுக்கு விடுங்கள்.

கார் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் முழுதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்றால் அது வேறு வேலை. வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், முன்னுக்கு வரும்போது முதலில் இடப்பக்கம் கொஞ்சம் ஒடித்து, பாதி தூரத்தில் அதே அளவு வலப்பக்கம் ஒடித்து, உடம்பை மறுபடி நேராக்கி நில்லுங்கள். அப்புறம் நேராகப் பின்னுக்குப் போனால் கார் முழுதாக இடப்பக்கம் நகர்ந்திருக்கும். அரைக் கார் நீளமாவது முன்னுக்கு வராமல் இதைச் செய்ய முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு அடி ஒரு அடியாக ஆட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

மூக்கு எங்கேயாவது போய் இடிக்குமா?

இடிக்கும். முழுதாக ஒடித்துப் பின்னுக்குப் போகும்போது பின் சில்லுகள் சிறிய வட்டத்தில் திரும்பும், மூக்கு பெரிய வட்டத்தில் வெளியே வீசும். இடப்பக்கம் நுழைகிறீர்கள் என்றால் மூக்கு வலப்பக்கம், அதாவது வீதியின் நடுவுக்கு வரும். ஹட்டன் பிரதான வீதியில் அந்த நொடியில்தான் ஒரு முச்சக்கர வண்டி உள்ளே நுழையப் பார்க்கும். ஒடிக்கத் தொடங்கும்போது ஒருதரம், பாதியில் ஒருதரம் முன் மூலையைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடியை எப்படி வைப்பது? கமரா இருந்தால் அது போதாதா?

பின்னுக்கு எடுப்பதற்கு முன் இரண்டு பக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின் சில்லு தரையைத் தொடும் இடமும் கோடும் சேர்ந்து தெரிய வேண்டும். கார் நேராக நிற்கிறதா என்பதை அந்த ஒரு இடம்தான் பொய்யில்லாமல் சொல்லும். வீதியில் இறங்குவதற்கு முன் பழைய நிலைக்கு உயர்த்த மறக்காதீர்கள். இடப்பக்கக் கண்ணாடி பொதுவாகக் குவிந்தது, அதில் தெரியும் பொருள் உண்மையில் இன்னும் கிட்ட இருக்கும்.

கமரா பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டும், அதற்கு நல்லது. நேராக நிற்கிறோமா என்பதற்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். அகலக் கோண வில்லை என்பதால் ஓரங்கள் வளைந்து தெரியும், நேர்க்கோடுகூடச் சாய்ந்தது மாதிரி இருக்கும். திரையில் வரும் வண்ணக் கோடுகள் சில கார்களில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளையும், சிலவற்றில் அசையாமல் நிற்கும். உங்களுடையது எது என்று தெரிந்துவையுங்கள். அப்புறம் நம் ஊர் மழையும் சேறும் இருக்கிறதே, ஒரு சொட்டு வில்லையில் நின்றால் படம் முழுதும் கலங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மாலை நாலு மணிக்கே கண்ணாடி பூத்துவிடுகிற நாட்கள் உண்டு. கதவுப் பையில் ஒரு காய்ந்த பருத்தித் துணி எப்போதும் இருக்கட்டும். பின்கண்ணாடிச் சூடேற்றியைப் பின்னுக்கு எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். மூட்டம் அடர்த்தியாக இருந்தால் கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வானொலியை நிறுத்திவிட்டு, காதையும் பயன்படுத்துங்கள்.

ஏற்றத்தில் பின்னுக்கு எடுக்கும்போது நேராக்கவே முடிவதில்லை. என்ன செய்வது?

மலையகத்தில் உண்மையான கஷ்டம் இங்கேதான். சரிவில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே கவனம் போய்விடுகிறது, ஸ்டியரிங் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னுக்கு, நில், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங்கைச் சரிசெய், மறுபடி கொஞ்சம் பின்னுக்கு. ஹேண்ட் பிரேக் காரைப் பிடித்திருக்கும்போது இரண்டு கையும் மனமும் ஸ்டியரிங்குக்குக் கிடைக்கும்.

பின்னுக்கு ஏறுவதென்றால், கிளட்ச் உள்ள காரில் அது பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, கார் லேசாக அதிர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கிளட்சைப் பாதியில் வைத்துக்கொண்டே நெடுநேரம் காரைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், சில நிமிடத்தில் கருகிய வாடை வரும். வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஓட்டோ கியர் காரில் பிரேக்கை விட்டதும் சமதரையில் தானாக ஊரும் கார் செங்குத்தான இடத்தில் ஊராது, எதிர்ப்பக்கம் வழுக்கவும் கூடும். அக்சிலரேட்டரால் காரை ஓரிடத்தில் தாங்கி நிறுத்தவும் வேண்டாம், நிற்பதற்கு பிரேக்தான்.

பின்னுக்கு இறங்குவதென்றால் ரிவர்ஸ் கியரிலேயே, பிரேக்கில் கால் வைத்தபடி இறங்குங்கள். எண்ணெய் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுகிறவர்களை லயன் பாதைகளில் பார்க்கிறேன். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துபோகும். பின்னால் பணிய (கீழே உள்ள) லயன் இருக்கும்போது அது விளையாட்டில்லை.

இன்னொன்று. நாம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சில்லால் இழுபடுபவை. அவை மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்துப் பின்னுக்கு ஏறும்போது பாரம் முன் சில்லில் விழுவதால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஈரப் புல்தரையில், கோயில் திருவிழாத் திடல்களில், பின்னுக்கு ஏறி மூக்கைக் கீழே வைத்து நிறுத்துங்கள். திரும்பிப் போகும்போது இறக்கத்தில் சுலபமாக வெளியே வரலாம். பின்னுக்கு இறங்கி நிறுத்தினால், போகும்போது ஈரத்தில் மூக்கை உயர்த்திக்கொண்டு ஏறவேண்டும், முன் சில்லு சுழன்று குழி பறிக்கும். ஹைஏஸ் மாதிரிப் பின் சில்லால் தள்ளும் வேனுக்கு இது நேர் எதிர். வெறும் வேன் பின்னுக்கு ஏறும்போது வால் பாரமில்லாமல் வழுக்கும், ஆள் ஏறியிருந்தால் பரவாயில்லை.

கானுக்குள் பின் சில்லு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தள்ளியே நிறுத்துகிறேன். சரியா?

பயம் நியாயமானது. தேயிலை மலையில் கான் வெட்டித்தான் தண்ணீரை வழிநடத்துகிறோம், வீதியோரத்திலும் அப்படியே. பல இடங்களில் அந்தக் கான் ஒரு அடிக்கு மேல் ஆழம், மூடி கிடையாது, மழைக் காலத்தில் புல் வளர்ந்து விளிம்பை மறைத்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் பச்சைத் தரை மாதிரித்தான் இருக்கும்.

இறங்கிப் போய்ப் பாருங்கள். விளிம்பு எங்கே இருக்கிறது, மண் கெட்டியா, சீமெந்துக் கட்டா என்று காலால் மிதித்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஒரு முழம் முன்னே ஒரு கல்லோ கட்டையோ வையுங்கள். பின் டயர் அதில் தட்டினால் நின்றுவிட வேண்டியதுதான். கல் கால்பந்து அளவுக்குக் குறைந்தால் டயர் ஏறிப் போய்விடும்.

கார் கோணலாக நிற்கும்போதுதான் கான் அதிகம் கடிக்கும். நேராகப் போனால் இரண்டு பின் சில்லும் ஒன்றாக விளிம்பை நெருங்கும். சாய்ந்து போனால் ஒரு சில்லு முன்கூட்டியே விளிம்புக்குப் போய்விடும், நீங்கள் மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கான் பின்னால் இருக்கும் இடத்தில், கார் நேரான பிறகே கடைசி ஒரு மீட்டரைக் கடக்க வேண்டும். கோணல் என்றால் முன்னுக்கு வந்து திருத்துங்கள், பின்னுக்குப் போய்த் திருத்த வேண்டாம். ஒரு சில்லு இறங்கிவிட்டால் அக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் தோண்டும். ஆட்களை இறக்கிவிட்டு, பலகையோ தட்டையான கல்லோ வைத்து, நாலு பேர் தூக்கிக் கொடுத்தால் சின்னக் கார் மேலே வந்துவிடும்.

எங்கள் லயன் வாசலில் கோடு எதுவும் இல்லை. எதைப் பார்த்து நேராக்குவது?

நேரான ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். லயன் சுவர், மதில், படிக்கட்டின் விளிம்பு, கொழுந்து மடுவத்தின் தூண் வரிசை, எதுவும் ஆகும். அதற்குக் காரின் பக்கம் இணையாக வந்தால் கார் நேர்தான். எதுவுமே இல்லாத முற்றத்தில் இரண்டு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி, கார் நீள இடைவெளியில் வலப்பக்கம் புதைத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடியில் இரண்டு கல்லும் காரிலிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தால் போதும். தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு கல் எந்தக் கமராவையும்விட உதவும்.

பக்கத்தில் நின்று ஒருவர் "வாங்கண்ணே, வாங்க, இன்னும் வாங்க" என்று சொல்கிறார். அவரை நம்பலாமா?

நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் பம்பரை மட்டும்தான், நீங்கள் நேராக நிற்கிறீர்களா என்பதை அல்ல. தொடங்குவதற்கு முன்பே இரண்டு விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, உள்ளங்கையை உயர்த்தினால் உடனே நில். வாயால் சொல்வது எஞ்சின் சத்தத்திலும் மழையிலும் கேட்காமல் போகலாம். இரண்டு, இடம் வலம் என்று சொல்லாமல் கையால் திசையைக் காட்டச் சொல்லுங்கள். எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் உங்கள் இடப்பக்கம் ஆகிவிடும். அவர் உங்கள் வலப்பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். காருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் காரை நிறுத்திவிடுங்கள், எங்கே போனார் என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

லயன் வாசலில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். ரிவர்ஸ் போடுவதற்கு முன் இறங்கி, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, அடியிலும் குனிந்து பாருங்கள். சூடான எஞ்சினுக்கு அடியில் நாய் படுத்திருக்கும். உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையில் நிற்கட்டும், அதற்குப் பிறகு காரை அசையுங்கள். எவ்வளவு அவசரமானாலும் இதை விட வேண்டாம்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் கெட்டுப்போகுமா?

தினமும் பல தரம் செய்தால் டயர் சீக்கிரம் தேயும், ஸ்டியரிங் பாகங்களுக்கும் சுமை. பழகும் காலத்தில் செய்வதால் பெரிய நட்டமில்லை. கார் மயிரிழை அசைந்துகொண்டிருக்கும்போது ஒடித்தாலே அந்தச் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். கை பழகியதும் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை, ஹட்டன் டவுனில் வீதியோரமாக இரண்டு வாகனத்துக்கு நடுவில் நிறுத்தும்போதும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான். அங்கே இரண்டு முறை ஒடிக்க வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம். முன் வாகனத்துக்குப் பக்கத்தில் இணையாக நின்று, இடப்பக்கம் ஒடித்து வாலை உள்ளே விடுங்கள். கார் ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை சாய்ந்ததும் சில்லை நேராக்கிக் கொஞ்சம் பின்னுக்கு. உங்கள் மூக்கு முன் வாகனத்தின் பின் மூலையைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுதாக ஒடியுங்கள், மூக்கு உள்ளே வரும். உடம்பு வீதியோரத்துக்கு இணையானதும் நின்று சில்லை நேராக்குங்கள். வீதியோரத்திலிருந்து தூரமாக நின்றால் முதல் சாய்வு போதவில்லை. பின் சில்லு ஓரக் கல்லில் ஏறினால் சாய்வு கூடிப்போயிற்று. ஓரத்தில் கான் இருக்கிற வீதியில் பிழை வந்தாலும் தூரமாக நிற்கும் பிழையாகவே இருக்கட்டும்.

நிறுத்திய பிறகு சில்லை நேராகவே விட்டுவிட்டு இறங்கலாமா?

சமதரையில் நேராக விடுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது கார் எந்தப் பக்கம் போகும் என்ற சந்தேகம் இருக்காது. சரிவான வீதியோரத்தில் நேராக விடுவது ஆபத்து. ஹேண்ட் பிரேக் நழுவினால் கார் வீதியில் ஓடாமல் ஓரத்தில் போய் முட்டி நிற்கும்படி சில்லை ஒடித்து வைக்க வேண்டும்.

மூக்கு இறக்கத்தைப் பார்த்தால் இடப்பக்கம், ஓரத்தைப் பார்த்து ஒடித்து வையுங்கள். மூக்கு ஏற்றத்தைப் பார்த்து, இடப்பக்கம் உயர்ந்த ஓரக் கல் இருந்தால் வலப்பக்கம் ஒடியுங்கள். கார் பின்னுக்கு உருண்டால் முன் சில்லு அந்தக் கல்லில் முட்டி நிற்கும். ஓரக் கல் இல்லாமல் மண் மேடுதான் இருக்கிறது என்றால் இடப்பக்கம் ஒடியுங்கள், வால் மேட்டில் போய் முட்டும். இடப்பக்கம் பள்ளம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. ரம்பொடை, தலவாக்கலைப் பக்கம் அப்படியான விளிம்புகள் நிறைய. அங்கே நிறுத்தாமல், மேடு இருக்கும் இடம் வரும்வரை போங்கள்.

கியரையும் பாருங்கள். கிளட்ச் உள்ள காரில், மூக்கு இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸில், ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியரில் விட்டுவையுங்கள். ஓட்டோ கியர் காரில் கால் பிரேக்கால் நின்று, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெதுவாக விட்டுக் கார் அதில் அமர்ந்ததும் மறுபடி கால் பிரேக்கை அழுத்தி 'பி'யில் போடுங்கள். நேரடியாக 'பி'யில் போட்டு விட்டால் காரின் முழுப் பாரமும் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் தொங்கும். திரும்ப எடுக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா, அது அதனால்தான்.

சிவனொளிபாதமலைப் பருவத்தில், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை, நல்லதண்ணியில் இரவு முழுதும் காரை விட்டுவிட்டு மலையேறுவோம். அப்படி நெடுநேரம் சரிவில் விடும்போது சில்லுக்குக் கல்லும் கொடுங்கள், பள்ளப் பக்கம் இருக்கும் இரண்டு சில்லுக்கும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து வீதியை விட்டு ஓரமாகப் போட்டுவிடுங்கள், இருட்டில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது.